மகளின் ப்ராஜெக்டில் அப்பா கை வைக்கலாமா?

கேள்வி: நாங்கள் கோவையிலிருந்து இங்கிலாந்தின் ரெடிங் நகருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. மகள் இப்போது இயர் 11. வரும் கோடையில், இங்கே பதினாறு வயதில் எழுதும் பொதுத்தேர்வான ஜி.சி.எஸ்.இ. எழுதுகிறாள். டிசைன் அண்ட் டெக்னாலஜி பாடத்துக்காக, கை நடுங்கும் முதியவர்கள் சிந்தாமல் மாத்திரை எடுக்க ஒரு பெட்டி செய்கிறாள். நான் மெஷின் டிசைன் வேலையில் இருப்பவன். அவள் திணறுவதைப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாலிட்வொர்க்ஸ் என்ற வரைகலை மென்பொருளில் மூன்று பக்கத்துக்கு வரைந்து கொடுத்துவிட்டேன். அதைப் பார்த்த டீச்சர், "இதை நீயே வரைந்தாயா?" என்று கேட்டிருக்கிறார். இவள் பதில் சொல்லாமல் நின்றிருக்கிறாள். இப்போது எங்களைப் பள்ளிக்கு வரச்சொல்லி மெயில் வந்திருக்கிறது. டிஸ்குவாலிஃபை செய்துவிடுவார்களா? ஊரில் ப்ராஜெக்ட் என்றால் வீடே சேர்ந்துதானே செய்யும்? இன்னொரு சந்தேகம்: இங்கே சயின்ஸில் பிராக்டிகல் மார்க்கே கிடையாதாமே, நிஜமா? "டீச்சர் கையில் மார்க் இருக்கிற பாடத்தை எடுத்திருக்கவே கூடாது" என்று மனைவி புலம்புகிறாள். குறைத்துப் போட்டால் நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மகளிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "இது முழுக்க என் சொந்த வேலை" என்ற உறுதிமொழிப் படிவத்தில் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாளா? வழக்கமாக வேலை முழுவதையும் முடித்து ஒப்படைக்கும்போதுதான் அதில் கையெழுத்து வாங்குவார்கள். இயர் 11-இன் நடுவில் ப்ராஜெக்ட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் பெரும்பாலும் போட்டிருக்க மாட்டாள்.

இதை ஏன் முதலில் கேட்கிறேன் என்றால், உங்கள் பயத்துக்கான பதில் அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது. தேர்வு வாரியங்களுக்கெல்லாம் பொதுவான விதிகளை வகுக்கும் அமைப்பு ஜே.சி.கியூ. அதன் விதிப்படி, மாணவர் உறுதிமொழியில் கையெழுத்திடும் முன் இப்படி ஒரு சிக்கல் கண்டுபிடிக்கப்பட்டால், பள்ளி அதை வாரியத்துக்குப் புகாராக அனுப்ப வேண்டியதில்லை. பள்ளிக்குள்ளேயே விசாரித்து, பிறர் செய்த பகுதியை விலக்கி, மாணவர் சொந்தமாகச் செய்ததற்கு மட்டும் மதிப்பெண் போடலாம். கையெழுத்திட்ட பிறகு தெரியவந்தால் அப்படி முடிக்க முடியாது. அது முறைகேடு என்று வாரியத்துக்குப் போயே ஆக வேண்டும். எச்சரிக்கையோடு முடியலாம், அந்தப் பகுதிக்குப் பூஜ்யம் விழலாம், பாடமே ரத்தாகலாம். மோசமான மோசடி என்றால் அதற்கு மேலும் போவார்கள்.

ஆக, டீச்சர் இப்போதே கேட்டது உங்கள் மகளுக்குச் செய்த நன்மை. கேட்காமல் விட்டிருந்தால் அவருக்கும் ஆபத்துதான். மாணவரின் கையெழுத்துக்குக் கீழே ஆசிரியரும் "இது இந்த மாணவரின் வேலைதான்" என்று கையெழுத்துப் போட வேண்டும். அவரால் மனசாட்சியோடு அதைப் போட முடியவில்லை என்றால் வாரியத்துக்குப் போகிற மதிப்பெண் பூஜ்யம். மூன்று பக்கத்துக்கு மட்டும் இல்லை, மொத்த ப்ராஜெக்டுக்கும்.

பள்ளிக்குப் போகும் முன்பே ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். "இந்த மூன்று பக்கங்களில் உள்ள வரைபடங்கள் நான் வரைந்தவை. மற்றவை எல்லாம் மகள் செய்தவை. இவற்றை எடுத்துவிட்டு அவள் தானே மறுபடி செய்ய எவ்வளவு நேரம் கொடுக்க முடியும்?" இவ்வளவு போதும். "எங்கள் ஊரில் இப்படித்தான்" என்ற விளக்கத்தை எழுதாதீர்கள். பெற்றோர் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்ற தகவல் தாளைப் பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். செப்டம்பரில் பை நிறைய வந்த காகிதங்களில் ஒன்றாக அது உங்கள் வீட்டிலேயே எங்காவது கிடக்கும். சந்திப்புக்கு மகளையும் கூட்டிப்போங்கள். அங்கே முதலில் அவள் பேசட்டும். "அப்பா வரைந்தது" என்று அவள் வாயால் ஒருமுறை சொல்லிவிட்டால், மீதி இருக்கிற பக்கங்களின் மேல் டீச்சருக்குச் சந்தேகம் நிற்காது.

லண்டன் பள்ளி ஒன்றில் தேர்வுப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்களைப் போன்ற அப்பாக்களால்தான் இந்த விதியே வந்தது. கேலி இல்லை, வரலாறு அப்படி. ஓ-லெவல், சி.எஸ்.இ. என்ற இரண்டு பழைய தேர்வுகளை இணைத்து ஜி.சி.எஸ்.இ. வந்தபோது, 1988-இல் முதல் தேர்வு நடந்தது. அப்போது கோர்ஸ்வொர்க், அதாவது தேர்வு ஹாலுக்கு வெளியே செய்து ஒப்படைக்கும் வேலை, தாராளம். ஆங்கிலத்தைத் தேர்வே எழுதாமல் முழுக்கக் கோர்ஸ்வொர்க்கிலேயே முடித்தவர்கள் உண்டு. வீட்டுக்கு எடுத்துப்போய் எழுதலாம். படித்த அப்பா அம்மா இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அது எவ்வளவு வசதி என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு இணையம் வந்தது. காசு கொடுத்துக் கட்டுரை வாங்கலாம் என்ற நிலை வந்ததும் கோர்ஸ்வொர்க்கின் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது.

2009 முதல் 'கன்ட்ரோல்டு அசெஸ்மெண்ட்' கொண்டுவந்தார்கள். வீட்டில் ஆராய்ச்சி செய்யலாம், எழுதுவது மட்டும் வகுப்பறையில், கண்காணிப்பில். தலைப்பு கொடுப்பது, வேலை செய்வது, மதிப்பெண் போடுவது என்று மூன்று கட்டத்துக்கும் தனித்தனியாகக் கட்டுப்பாட்டின் அளவை நிர்ணயித்தார்கள். காகிதத்தில் அருமையான யோசனை. நடைமுறையில் என்ன ஆனது? பாடம் நடத்த வேண்டிய வாரங்களை இது விழுங்கியது. பிள்ளைகள் பதிலை உருப்போட்டு வந்து வகுப்பறையில் கொட்டினார்கள். 2012-இல் ஆங்கிலப் பாடத்தில் ஒரு பெரிய சர்ச்சை வெடித்தது. ஜனவரியில் 'சி' கிரேடுக்குப் போதுமாக இருந்த மதிப்பெண் ஜூனில் போதவில்லை. பள்ளிகளும் உள்ளூர் கவுன்சில்களும் நீதிமன்றம் வரை போய்த் தோற்றன. பள்ளித் தரவரிசையின் அழுத்தத்தில் பல ஆசிரியர்கள் கன்ட்ரோல்டு அசெஸ்மெண்டில் தாராளமாக மதிப்பெண் போட்டுவிட்டார்கள் என்றது கண்காணிப்பு அமைப்பான ஆஃப்குவால்.

அதன் பிறகு மைக்கேல் கோவ் கல்வி அமைச்சராக இருந்தபோது தொடங்கிய மாற்றத்தில் கத்தரி வைத்தார்கள். 2015 செப்டம்பரில் பாடம் தொடங்கி 2017-இல் முதல் தேர்வு நடந்த புதிய கணிதம், ஆங்கிலம் இரண்டும் முழுக்கத் தேர்வு. அடுத்த வருடம் வந்த வரலாறு, புவியியல், அறிவியல் எல்லாம் அப்படியே. கம்ப்யூட்டர் சயின்ஸில் 20 சதவீத ப்ராஜெக்டை விட்டுவைத்தார்கள். 2017 கடைசியில் அதன் கேள்விகளும் விடைகளும் இணையத்தில் ஓடத் தொடங்கியதும், அந்த ப்ராஜெக்ட் கிரேடில் சேராது என்று அறிவித்துவிட்டார்கள். இது இங்கிலாந்தின் கதை. வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் ஏற்பாடு வேறு. கார்டிஃபில் இருக்கும் உறவுக்காரர் சொல்வதை உங்கள் மகளுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

இன்று 'என்.இ.ஏ.' (தேர்வல்லாத மதிப்பீடு) என்ற பெயரில் மிச்சமிருப்பது, ஹாலில் உட்காரவைத்துச் சோதிக்க முடியாதவை மட்டும். ஓவியத்தில் 60 சதவீதம் வருடம் முழுக்கச் சேர்த்த போர்ட்ஃபோலியோ, மீதி 40 வாரியம் தருகிற தலைப்பில், கடைசிப் பத்து மணி நேரம் கண்காணிப்பில். உணவுப் பாடத்தில் மூன்று மணி நேரத்தில் மூன்று பதார்த்தம் சமைத்துக் காட்ட வேண்டும். இசையில் வாசிப்பும் இசையமைப்பும் சேர்ந்து 60. உங்கள் மகளின் டிசைன் அண்ட் டெக்னாலஜியில் பாதிக்குப் பாதி: எழுத்துத் தேர்வு 50, ப்ராஜெக்ட் 50. அதாவது ஊர் ப்ராஜெக்ட் மாதிரி சார்ட் ஒட்டி வாங்குகிற ஐந்து மார்க் இல்லை இது. அந்தப் பாடத்தின் பாதிப் பொதுத்தேர்வு. ஹாலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் பதில் எழுதிக் கொடுப்பீர்களா?

இனி, எஞ்சினியரான உங்களுக்குக் கொஞ்சம் கசப்பான ஒரு செய்தி. அந்த மூன்று பக்கம் மாட்டாமல் போயிருந்தாலும் அவளுக்குப் பெரிதாக உதவியிருக்காது. பள்ளி எந்த வாரியத்தில் எழுதவைக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. ஏ.கியூ.ஏ. என்று வைத்துக்கொள்வோம். அதில் ப்ராஜெக்டுக்கு 100 மதிப்பெண். பிரச்சினையைக் கண்டறிந்து ஆராய்வதற்கு 10, பிரீஃபும் (என்ன செய்யப் போகிறோம்) ஸ்பெசிஃபிகேஷனும் (அது எப்படி இருக்க வேண்டும்) எழுதுவதற்கு 10, யோசனைகளை உருவாக்குவதற்கு 20, அவற்றை வளர்த்தெடுப்பதற்கு 20, பொருளைச் செய்வதற்கு 20, அலசி மதிப்பிடுவதற்கு 20. முடிந்த பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் செய்முறைக்கு ஐந்தில் ஒரு பங்குதான். மீதி எண்பதும் அவள் எப்படி யோசித்தாள், எதைத் தூக்கிப் போட்டாள், ஏன் மாற்றினாள் என்பதற்கு. அதையும் சுமார் 20 பக்கத்துக்குள் காட்ட வேண்டும்.

நீங்கள் கொடுத்தது தொழிற்சாலைக்கு அனுப்பத் தயாரான வரைபடம். அளவு, டாலரன்ஸ் எல்லாம் கச்சிதமாக இருந்திருக்கும். மதிப்பெண் போடுகிறவர் அதில் தேடுவது இருக்காது. அட்டையில் வெட்டிய முதல் மாதிரியில் மூடி வழுக்கியது, அதனால் பிடியை அகலமாக்கினாள், அக்ரிலிக் விளிம்பு விரலை உறுத்தியது, ப்ளைவுட்டுக்கு மாறினாள், அது கனமாகிவிட்டது என்று ஒரு பாட்டி சொன்னார்: இப்படிப்பட்ட தடம்தான் வேண்டும். பென்சில் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. அவள் திணறியதாக எழுதியிருக்கிறீர்களே, அந்தத் திணறலைப் படமெடுத்துக் குறிப்பெழுதி வைத்தால் அதுவே மதிப்பெண்.

அப்படியானால் அப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா என்றால், இல்லை. படிக்கப் பொருள் தேடித் தரலாம். அவளோடு பேசலாம். எதைச் சேர், எதை விடு என்று நேரடியாகச் சொல்லக்கூடாது, அவ்வளவுதான். "இந்த மூடியை ஏன் திருகு வகையாக வைத்தாய்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது உங்கள் தொழிலில் இருப்பவருக்குக் கஷ்டம்தான், ஆனாலும் பழகிக்கொள்ளுங்கள். கோவையில் பாட்டி இருந்தால் வாட்ஸ்அப் வீடியோவில் கூப்பிட்டு, அவர் இப்போது மாத்திரையை எப்படி எடுக்கிறார் என்று அவளே பார்த்துக் குறிப்பெடுக்கட்டும். பயன்படுத்தப் போகிறவரிடம் நேரில் கேட்டு அறிவது ஆய்வுப் பகுதிக்கு நல்ல தீனி. சாலிட்வொர்க்ஸ் கற்றுத்தர ஆசையாக இருந்தால் சமையலறை டப்பா ஒன்றை எடுத்துக் கற்றுக்கொடுங்கள், மாத்திரைப் பெட்டி வேண்டாம். கற்றுக்கொடுத்ததை டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடச் சொல்லுங்கள். ஆசிரியர் அல்லாத யாரிடம் உதவி பெற்றாலும் அதைச் சொல்ல வேண்டும், அவர் அதைப் பதிவு செய்துகொள்வார். டியூஷன் மாஸ்டர் திருத்திக் கொடுப்பதும் இதே கணக்குத்தான். சாட்ஜிபிடியும் அப்படியே. அது எழுதியதைத் தன்னுடையது என்று கொடுத்தால் முறைகேடு என்பது ஜே.சி.கியூ. 2023 முதலே தெளிவாகச் சொல்லிவரும் விஷயம்.

டீச்சருக்கும் இதே வேலிதான். பொதுவாக வழிகாட்டலாம், "இந்தப் பத்தியை இப்படி மாற்றினால் நாலு மார்க் கூடும்" என்று சொல்ல முடியாது. "டீச்சர் ஒன்றும் சொல்லித் தரமாட்டேன் என்கிறார்" என்று மகள் வந்து சொன்னால், அவர் சோம்பேறி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சயின்ஸ் விஷயத்தில் நீங்கள் கேள்விப்பட்டது சரி. பத்தாம் வகுப்பில் எழுத்துக்கு 75, செய்முறைக்கு 25 என்று பழகிய நமக்கு இது விசித்திரமாகத் தெரியும். இங்கே செய்முறைக்கென்று தனி மதிப்பெண் கிடையாது. ஆனால் செய்முறை உண்டு. கம்பைண்டு சயின்ஸ் படிப்பவர்கள் குறைந்தது 16 சோதனைகள் செய்திருக்க வேண்டும். இயற்பியல், வேதியியல், உயிரியல் தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றிலும் குறைந்தது 8. எழுத்துத் தேர்வின் மொத்த மதிப்பெண்ணில் குறைந்தது 15 சதவீதம் இந்தச் சோதனைகளைச் சுற்றிய கேள்விகள். எந்த மாறியை மாற்றினாய், எதை மாற்றாமல் வைத்தாய், இந்த அளவீடு ஏன் மற்றவற்றோடு ஒட்டவில்லை என்று கேட்பார்கள். ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து எழுதிய பிள்ளையும், கையால் செய்து சொதப்பிய பிள்ளையும் அந்தக் கேள்வியில் பிரிந்துவிடுவார்கள். சோதனை நடந்த நாளில் மகள் லீவு போட்டிருந்தால் அந்தச் சோதனையை மட்டும் டீச்சரிடம் கேட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகள் டீச்சர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நின்றாள் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வந்தது. ஆங்கில மொழிப் பாடத்தில் ஒரு பேச்சு உண்டு. ஒரு தலைப்பில் பேசி, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பாஸ், மெரிட், டிஸ்டிங்ஷன் என்று சான்றிதழில் தனியாக வரும். ஒன்பதிலிருந்து ஒன்று வரையிலான கிரேடில் அது சேராது. கூச்சமுள்ள பிள்ளைகள் இதை நினைத்து வாரக்கணக்கில் தூங்காமல் இருப்பார்கள். அவளிடம் சொல்லிவிடுங்கள். பிரெஞ்சு மாதிரி ஏதாவது மொழி எடுத்திருந்தால் அது வேறு கதை: அங்கே பேச்சுக்கு 25 சதவீதம்.

இப்போது உங்கள் மனைவியின் புலம்பலுக்கு வருகிறேன். டீச்சர் கையில் மார்க் இருக்கிறது என்பது பாதி உண்மை. டீச்சர் போட்டதை, அதே பாடம் நடத்தும் மற்ற ஆசிரியர்கள் போட்டதோடு ஒப்பிட்டு ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவது பள்ளியின் கடமை. பிறகு வாரியம் சில மாணவர்களின் வேலையை மாதிரிக்கு வாங்கி, வெளியிலிருந்து ஒரு மாடரேட்டரை வைத்துப் பார்க்கும். பள்ளி தாராளமாகப் போட்டிருக்கிறது என்று அவர் கண்டால் அந்தப் பாடத்தில் பள்ளியின் மதிப்பெண்களையே கீழே இறக்குவார். கறாராகப் போட்டிருந்தால் மேலே ஏற்றுவார். உங்கள் மகளின் கோப்பு அந்த மாதிரியில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஊரில் இன்டர்னல் மார்க் என்றால் முழுசாகக் கிடைத்துவிடும் என்று எதிர்பார்ப்போமே, அந்த எதிர்பார்ப்பும் இங்கே வேண்டாம், வேண்டுமென்றே குறைத்துவிடுவார்கள் என்ற பயமும் வேண்டாம்.

ஆனால் உங்கள் மனைவியின் பயத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. எழுத்துத் தேர்வென்றால் ஆகஸ்டில் ரிசல்ட் வந்த பிறகு, பள்ளி வழியாக அவளுடைய விடைத்தாளை மட்டும் மறு ஆய்வு செய்யச் சொல்லலாம். ப்ராஜெக்டுக்கு அது முடியாது. ரிசல்டுக்குப் பிறகு பள்ளி, மொத்தக் குழுவுக்கும் சேர்த்து மாடரேஷனை மறு ஆய்வு செய்யக் கேட்கலாம். அதுவும் வாரியம் பள்ளியின் மதிப்பெண்ணை மாற்றியிருந்தால்தான். தனி மாணவருக்காகக் கேட்க வழி இல்லை. அவளுக்கென்று இருக்கிற வாய்ப்பு அதற்கு முன்பே வருகிறது: மதிப்பெண்களை வாரியத்துக்கு அனுப்பும் முன் பள்ளி அதை மாணவரிடம் சொல்ல வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் பிரதிகளைக் கேட்டு வாங்கி, முதலில் மதிப்பெண் போட்டதில் சம்பந்தப்படாத வேறொரு ஆசிரியர் மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுத்தில் கேட்கலாம். மதிப்பெண் கூடலாம், குறையவும் செய்யலாம். வாரியத்தின் கெடு மே மாதத்தில் என்பதால் இதெல்லாம் ஈஸ்டரை ஒட்டிய சில நாட்களுக்குள் நடந்து முடிந்துவிடும். பல வீடுகளில் பிள்ளை மார்க்கைக் கேட்டுவிட்டு வந்து சொல்லாமலே இருந்துவிடும். கெடு கடந்த பிறகு என் மேசைக்கு வரும் பெற்றோரிடம் நான் சொல்லக்கூடியது எதுவும் இருப்பதில்லை.

பள்ளியின் இணையதளத்தில் 'இன்டர்னல் அப்பீல்ஸ்' என்று ஒரு பக்கம் இருக்கும், கிடைக்காவிட்டால் தேர்வு அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். மார்க் சொல்கிற நாள் எது, மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்க எத்தனை நாள் அவகாசம் என்ற இரண்டையும் இப்போது நடக்கப்போகிற சந்திப்பிலேயே கேட்டு, உங்கள் மனைவியின் போனில் குறித்து வைத்துவிடுங்கள்.